பிளேன் கேட்ட பின்னேரம்

ஒழுங்கை திரும்புகிற முடக்குக்கு வந்ததும் கனகலிங்கத்தார் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அங்கே மணலும் இல்லை, மேடும் இல்லை. இடது காலை ஊன்றி, வேட்டிக் கரை சங்கிலியில் பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, கைப்பிடியில் தொங்கும் பனையோலைப் பையை நேராக்குவார். பிறகு மணியை அடிப்பார். வழிவிடச் சொல்லும் அவசர அடி அல்ல. ஒரு அடியின் ஒலி முழுவதும் ஓய்ந்த பிறகே அடுத்த அடி. ஒழுங்கையில் யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தால் ஒரு கோழி நிற்கும். மணி அடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் வாறன்" என்று சொல்லுவார். உரத்த குரல் இல்லை. இரண்டு கிடுகு வேலிகளுக்கு அப்பால் உள்ள ஓர் அறைக்குக் கேட்டால் போதும் என்ற அளவான குரல். அதன் பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு தன் வீட்டுப் படலைவரை நடந்தே போவார்.

முடக்கில் இருப்பது எங்கள் வேலி. அவருடைய வளவு அடுத்தது. கொழும்பு வேலையை விட்டு அவர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, சுன்னாகம் சந்தைக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்திருக்கிறேன். மழை கொட்டுகிறபோதும் இறங்கி நின்று, நனைந்துகொண்டு, மணியடித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

சந்தையில் அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. வெங்காயம் விற்கிற ஏரம்பு அதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லக்கூடிய உரிமையை எப்படியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"தரைவழியார் வாறார், வழி விடுங்கோ. ஐயா, இண்டைக்கு எதாலை வந்தனீங்கள்?"

"சைக்கிளாலை."

"அதுதானே பாத்தன். மேலை ஒரு சத்தமும் கேக்கேல்லை."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கனகலிங்கத்தாரும் உதட்டை அசைப்பார். குந்தியிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுப்பார். ஒருநாள் கூடையைக் கட்டிக் கொடுத்தபடி ஏரம்பு, "கோவிக்காதேங்கோ ஐயா, பகிடிக்குத்தான்" என்றார். "கோவம் ஒண்டும் இல்லை ஏரம்பு. தரைவழியாலைதானே வந்தனான்" என்று அவர் சொன்னார். ஏரம்புவுக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்ல, எங்கள் பக்கத்துத் தந்திகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால், கொழும்பிலோ கண்டியிலோ இருக்கிற உறவுக்குச் செத்துவிட்டார் என்று தந்தி அடிப்பதில்லை. படித்தவன் நடுவீதியில் விழுந்துவிடுவான், வரும் வழியில் அவனுக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம். ஆகவே, 'சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி' என்று அடிப்பார்கள். இரக்கத்தால் சொல்லுகிற பொய். ஆனால் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லி வந்ததில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு 'சீரியஸ்' என்று தந்தி வந்தால், அதை மடிப்பதற்கு முன்னமே அங்கே குழறி அழத் தொடங்கிவிடுவார்கள். செத்தவருக்கு ஒரு சொல் இருந்தது. உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கிறவருக்கு அனுப்ப எங்களிடம் சொல் இல்லாமல் போயிற்று.

அறுபத்திரண்டாம் ஆண்டு, சிங்களவரின் வெசாக் பண்டிகைக்கு முதல் நாள். கனகலிங்கத்தாரின் மனைவி செல்வநாயகி மாமி நெருப்புக் காய்ச்சலில் கிடந்தார். கலியாணமாகிச் சில வருடங்கள்தான், பிள்ளை இல்லை. கனகலிங்கத்தார் கொழும்பில், புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மாமியின் தம்பி சண்முகநாதன்தான் வீட்டோடு நின்று பார்த்துக்கொண்டார். காலையில் வந்த டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவருக்கு அறிவிக்கிறது நல்லது என்று சொல்லிப் போனார். சண்முகநாதன் தபால் கந்தோருக்கு ஓடினார். அக்கா கடுமையாக இருக்கிறா, அதைத்தான் எழுதவேண்டும் என்று அவர் நினைத்தார். எழுதினார்: 'செல்வநாயகி சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி.' எல்லோரும் பொய் எழுதுகிற இடத்தில் அவர் ஒருவர் உண்மையை எழுதிவிட்டார்.

திரும்பி வந்து அக்காவின் காதருகே குனிந்து சொன்னாராம்: "தந்தி குடுத்திட்டன் அக்கா. பிளேனிலை வெளிக்கிட்டா அத்தான் பின்னேரம் இஞ்சை நிப்பார்."

கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். பலாலியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குக் காரில் கால் மணித்தியாலம்கூட இல்லை. பின்னேரம் என்ற சொல் மாமியைப் பிடித்துக்கொண்டது. என் அம்மா அன்று அங்கே நின்றார். "தலையை வாரி இழுத்துவிடு, பொட்டு வைச்சுவிடு எண்டு கேட்டவ. சீலையும் மாத்தவேணும் எண்டு நிண்டவ. எழும்ப ஏலாது. படுத்தபடியே மாத்திவிட்டனான்" என்று அம்மா சொல்லுவார்.

வெய்யில் சாய்ந்த நேரம். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் துண்டு முகில் இல்லை. அப்போது விமானத்தின் இரைச்சல் கேட்டது. பலாலியில் இறங்குகிற விமானம் சோளகக் காற்றுக்கு எதிரே திரும்புவதற்காக எங்கள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றும். மாமரத்துக்கு மேலால், கூரை ஓடுகளை அதிர வைத்துக்கொண்டு அது போயிற்று. மாமி கண்ணைத் திறந்தார். சிரித்தார் என்றும் அம்மா சொல்லுவார். அது எனக்கு உறுதி இல்லை. "கார்ச் சத்தம் கேட்டால் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். எல்லோருமாகக் காரின் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வண்டில்கள் போயின. ஒரு பஸ் போயிற்று. விளக்கு வைத்தார்கள். கார் வரவில்லை.

அன்றிரவு மாமி சாகவில்லை. விடியப்புறம் காய்ச்சல் விட்டு, உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்ந்தது. டொக்டர் பயந்துகொண்டிருந்த கட்டம் கடந்துவிட்டது. சண்முகநாதன் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு ஆறுதலாகக் கிணற்றடியில் நின்றார். அந்த நேரத்தில்தான் முடக்கில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து, கொழும்பில் இருந்த கனகலிங்கத்தாரின் தமக்கை இரத்தினம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் தலையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். செத்தவீட்டுக்கு வருகிற பெண்கள் படலையில் வந்து குழறுவதில்லை; முடக்கிலேயே தொடங்கிவிடுவார்கள். இரத்தினம்மாவின் குரல் அந்தக் காலத்தில் பேர்போனது.

"என்ரை பொன்னான மச்சாளே, நான் வரமுன்னம் போனியோ, ஒரு வாய் தண்ணி நான் பருக்க ஒரு நாழி பொறுக்காமல் போனியோ..."

படலையில் வாழை கட்டியிருக்கவில்லை. பறை இல்லை. பந்தல் இல்லை. கிணற்றடியிலிருந்து ஓடிவந்த சண்முகநாதன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

"ஆர் மச்சாள் செத்தது?" என்று கேட்டார்.

இரத்தினம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் வந்த பெண் அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு அடி பாடி முடித்தாள்.

இதைக் கேட்டவர்களெல்லாம் சிரிப்பார்கள். ஊர் பல வருடம் சிரித்தது. உயிரோடு இருக்கையில் ஒப்பாரி கேட்டவருக்கு ஆயுள் கெட்டி என்று மாமியிடமே சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்த அறைக்குள் அதைப் படுத்திருந்து கேட்டவர் ஒருவர்தான். இரவு முழுவதும் கார்ச் சத்தத்துக்காகத் திறந்திருந்த காது அது. அந்தக் காதுக்குள் அவருடைய சாவு முடக்கிலிருந்து நடந்து வந்தது.

கனகலிங்கத்தார் கடைசியாக உள்ளே வந்தார். மழையில் நனைந்து உடம்பிலேயே காய்ந்த சட்டை. மாமி அவரைப் பார்த்தார். முதலில் கேட்டது இதுதான்:

"தரையாலையோ வந்தனீங்கள்?"

"பிளேன் இல்லையப்பா. கடையிலை இருந்து போன் பண்ணிக் கேட்டனான். கொழும்பிலை ஒரே மழை. இண்டைக்குப் பிளேன் இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

"நானும் கேட்டனான்" என்றார் மாமி. "என்ரை தலைக்கு மேலாலை போனது."

இருவரும் சொன்னது ஒரே சொல். அவர் விசாரித்ததும் கேட்டதுதான். இவர் காதால் அறிந்ததும் கேட்டதுதான். அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்திலும் இருவரும் நின்றுகொண்டார்கள். மிச்சக் காலம் முழுவதும் அப்படியே நின்றார்கள்.

அவர் பக்கத்து நியாயங்கள் எதுவும் எடுபடவில்லை. கொழும்பிலே மழை என்றால் யாழ்ப்பாணத்தில் யார் நம்புவது? சோளகக் காலத்தில் எங்களுக்கு மழை என்பதே மறந்துபோயிருக்கும். வானம் கழுவிவிட்டதுபோலக் கிடந்த நாள் அது. விமானம் வந்ததை மாமி மட்டுமா கேட்டார்? சண்முகநாதன் கேட்டார், அம்மா கேட்டார், ஒழுங்கை முழுவதும் கேட்டது. கடையில் அவர் போன் பண்ணியதை யாராவது கண்டார்களா என்றால், மதியச் சாப்பாட்டு நேரம், ஒருவரும் இல்லை. அவரோடு வந்த வானோ குழறிக்கொண்டு வந்தது. பிரேதத்துக்குப் போடுகிற கோடிச் சீலைகூட அதற்குள் இருந்தது. இரத்தினம்மாவின் புருஷன் வழியில் குருநாகலில் வாங்கியது.

ஆனையிறவு தாண்டியதும் பெண்கள் கொண்டையை அவிழ்க்கத் தொடங்கியபோது, "அக்கா, சீரியஸ் எண்டுதானே போட்டிருக்கு" என்று அவர் சொன்னாராம். "விசரா, எங்கடை அப்பு செத்ததுக்கும் சீரியஸ் எண்டுதான் வந்தது" என்றாராம் இரத்தினம்மா. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை இரத்தினம்மாவே பின்னர் மாமியிடம் சொன்னார். அவர் பேசாமல் இருந்தார் என்பதுதான் மாமிக்குப் பெரிதாகப் பட்டது.

"உயிரோடை இருக்கிறவளிட்டை வாறதெண்டா ஆகாயத்தாலை வந்திருப்பார். பிரேதத்துக்குத்தான் தரையாலை வந்தவர். பிரேதம் எங்கை போகப்போகுது? கொள்ளிக்கு ஆள் வருமட்டும் கிடக்கும்தானே" என்று அம்மாவிடம் மாமி சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு சொன்னார்.

அதற்காக அவர்கள் சண்டை பிடித்ததில்லை. மாமி சமைத்தார், பரிமாறினார், அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். கோயிலுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் விடுமுறையில் வந்து படலையைத் திறக்கும்போது, மாமி அந்தக் கேள்வியைக் கேட்டார்: "தரையாலையோ?" யாழ்தேவி ரயிலில் வந்தாலும் அதே கேள்விதான். அவரும் "ஓம்" என்பார். வேலிக்கு மேலால் இது ஊருக்குக் கேட்டது. பட்டம் அப்படி வந்தது. மணியடித்து, "நான்தான் வாறன்" என்று சொல்லுகிற பழக்கமும் அப்படித்தான் வந்திருக்கவேண்டும். அந்த முடக்கிலிருந்து மாமிக்கு வேறொரு சத்தம் வந்துவிடக்கூடாது என்று.

ஒருமுறை அவர் விமானத்தில் வந்தார். எதற்காகவோ அல்ல, அதற்காகவேதான். பலாலியிலிருந்து கார் பிடித்து, காரை முடக்கில் நிறுத்தாமல் படலைவரை கொண்டுவரச் சொல்லி வந்து இறங்கினார். மாமி கிணற்றடியில் நின்றார்.

"ஆரின்ரை கார்?"

"நான்தான். பிளேனிலை வந்தனான்."

மாமியின் கையில் வாளி அப்படியே நின்றது. "ஏன், ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. உம்மைப் பாக்கத்தான்."

மாமி தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார். "சுகமா இருக்கிறவளைப் பாக்கத் தரையாலை வந்தாப் போதும்" என்றார்.

அந்தக் கார்க்காரன் சுன்னாகத்தில் இதையும் சொல்லிவிட்டான்.

எழுபத்தேழில் கொழும்பில் தமிழருக்கு அடிதடி நடந்தபோது கனகலிங்கத்தார் அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒன்றும் இல்லை. காலில் ஒரு செருப்பு இல்லை. அந்த ஒருமுறை மாமிக்குக் கேட்கக் கேள்வி இல்லாமல் போயிற்று. கடலால் வந்தவரைத் தரையாலையோ என்று எப்படிக் கேட்பது? அவருடைய காலைப் பார்த்துவிட்டு, சுடுதண்ணீர் வைக்க உள்ளே போனார். அந்த நாளிலாவது ஏதோ இளகும் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். இரண்டு கிழமையில் அவர் சந்தைக்குப் போய் வந்து மணியடித்தபோது, உள்ளேயிருந்து பழைய கேள்வி வந்தது. மாமி அதை ஒரு பகிடிபோலத்தான் கேட்டார். இருவரும் சிரிக்கவில்லை.

வேலையில்லாமல் நான் வீட்டில் இருந்த காலம் அது. ஒருநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, உம்மட்டை இலங்கைப் படம் இருக்கோ? பள்ளிக்கூடத்து அட்லஸ்?"

கொடுத்தேன். அளக்க அடிமட்டமும் கேட்டார். வேலி மரத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கொழும்புக்கும் பலாலிக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்தார். அது வழுக்கி மன்னார்க் கடலுக்குள் போயிற்று. நான் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினை வரும்?"

"நூற்றுத் தொண்ணூறு மைல் போலை, மாமா."

"றோட்டாலை இருநூற்றைம்பது கட்டை." மைல்கல்லை நாங்கள் கட்டை என்றுதான் சொல்லுவோம். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆகாயத்திலை கட்டை இல்லை, என்ன? இருந்தா ஆரும் நிண்டு பாத்துச் சொல்லலாம்." அடிமட்டத்தை என்னிடம் தந்துகொண்டே, "அறுபது கட்டைதானே தம்பி வித்தியாசம். எங்களுக்கு இவ்வளவு தூரமாப் போச்சுது" என்றார்.

அப்போது அவர் மனதில் எதையோ தீர்மானித்திருக்கவேண்டும். அடுத்த கிழமை சைக்கிளில் பலாலிக்குப் போனார். அவ்வளவு காலமும் ஏன் போகவில்லை என்று தெரியாது. போனால் தன் பக்கம் நிச்சயமாகிவிடும் என்ற நம்பிக்கையைச் செலவழிக்காமல் வைத்திருந்தாரோ என்னவோ. விமான நிலையத்து வாசலில் பழைய ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். கனகலிங்கத்தார் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: அறுபத்திரண்டாம் ஆண்டு வெசாக்குக்கு முதல் நாள் பின்னேரம் இங்கே பிளேன் வந்ததோ? அந்த மனிதர் யோசித்துப் பார்த்து, ஓம், வந்தது, எனக்கு நல்ல ஞாபகம் என்று சொன்னார்.

இதை அவரே என்னிடம் சொன்னார். அட்லஸைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது.

"வந்ததாம் தம்பி."

அட்லஸை வாங்கிக்கொண்டேன்.

"நான் போன் பண்ணிக் கேட்டனான் எண்டுதான் எனக்கு ஞாபகம். கறுத்தப் போன். மழைச் சத்தத்திலை ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டனான். எண்டாலும் பிளேன் வந்திருக்கே. அப்ப நான் கேட்டிருக்க மாட்டன்தானே? தந்தியைப் பாத்த உடனை எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சிருப்பன். பிறகு வெக்கத்திலை, கேட்டனான் எண்டு சொல்லியிருப்பன். சொல்லிச் சொல்லி நானே நம்பியிருப்பன்." என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடி நடக்கும்தானே தம்பி?"

அவர் பதிலுக்காக நிற்கவில்லை.

அடுத்தநாள் காலை மாமி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கனகலிங்கத்தார் வெளியே வந்து, அவருக்கு முன்னால் நின்றார்.

"இஞ்சரும். அண்டைக்கு நான் பிளேன் கேக்கேல்லை."

மாமி நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"நீர் செத்துப்போனீர் எண்டுதான் நினைச்சனான். அதுதான் தரையாலை வந்தனான். இவ்வளவு காலமும் பொய் சொல்லிப்போட்டன்."

மாமி பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். 'ஒருக்கா உண்மையைச் சொன்னாரெண்டா முடிஞ்சுது, ஏன் பொய்யைக் கட்டிக்கொண்டு நிக்கிறார்' என்று அம்மாவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார். இப்போது அவர் சொல்லிவிட்டார். மாமி மிளகாயை இரண்டு கையாலும் பரப்பினார். பரப்பிய இடத்தையே திரும்பவும் பரப்பினார்.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். அதன் பிறகு மாமி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வேறு கேள்வியும் கேட்டதில்லை. அவர் சந்தையால் வந்தால் பையை வாங்கி வைப்பார், சோற்றைப் போடுவார். அத்தனை வருடமும் "தரையாலையோ" என்று கேட்டதில், ஒருநாள் இவர் தன்னை நம்பவைத்துவிடுவார் என்ற ஆசை கொஞ்சம் இருந்திருக்கவேண்டும். சந்தேகம் இருந்தவரை, ஒருவேளை அவர் சொல்லுவது மெய்யாக இருக்கலாம் என்பதும் இருந்தது. அதை அவரே முற்றத்தில் நின்று இல்லாமல் ஆக்கிவிட்டார். கனகலிங்கத்தார் முடக்கில் இறங்குவதையும் விட்டுவிட்டார். மணியடிக்காமல், ஏறியபடியே, சத்தமில்லாமல் போய் இறங்குவார். ஏரம்புகூட ஒருநாள் என்னிடம், "என்ன தம்பி, தரைவழியாருக்குச் சுகமில்லையோ? பகிடி விட்டாலும் விளங்காத மாதிரி நிக்கிறார்" என்று கேட்டார்.

எண்பதாம் ஆண்டு ஆடியில் அவர் செத்தார். நெஞ்சுக்குள் நோகுது என்று சொல்லிப் படுத்தவர். இரத்தினம்மா அப்போது ஊரோடுதான் இருந்தார்; கிழண்டுபோயிருந்தார். வந்தவர் படலைக்குள் நுழைந்தும் குழறவில்லை. பயந்தவர்போல மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி தலைமாட்டில் இருந்தார்.

"இப்ப அழுங்கோ மச்சாள்" என்றார். "இவர் மெய்யாத்தான் போயிட்டார்."

மாமி அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பெண்கள் சுற்றி இருந்துவிட்டார்கள். அடுத்த வருடம் மாரி தொடங்கமுன்னர் மாமியும் போய்விட்டார். பெரிய நோய் ஒன்றும் இல்லை. சாப்பாட்டைக் குறைத்தார், கதையைக் குறைத்தார். கடைசி மாதத்தில் அம்மா கஞ்சி கொண்டுபோனபோது ஒருமுறை, "அண்டைக்கே போயிருக்கலாம். நல்ல ஒப்பாரி" என்று சொன்னாராம். சண்முகநாதன் கொள்ளி வைத்தார். யாருக்கும் தந்தி அடிக்கவேண்டியிருக்கவில்லை.

எண்பத்திரண்டில் மயிலிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடை. அதை வைத்திருந்தவர் யாகப்பு. பலாலி விமான நிலையத்தில் பல வருடம் பெட்டி தூக்கியவர். வெசாக் விடுமுறைக்கு முதல் நாள் நான் தேநீருக்காக நின்றபோது, பொடியன்கள் யாரோ வெசாக்குக்குக் கட்டுகிற கடதாசி விளக்குக் கூட்டைப் பற்றிக் கேட்க, அவர் தானாகவே தொடங்கினார்.

"வெசாக் கூடு நான் பலாலிக்குள்ளை கண்டனான். நம்புவியளோ? அறுபத்திரண்டிலை. என்ரை மூத்தவனுக்கு ஞானஸ்நானம் குடுத்த கிழமை, அதாலை மறக்காது. இந்தியாவுக்கு யாத்திரை போன சிங்களச் சனம் ஒரு பிளேன் நிறைய வந்து இறங்கி, வெசாக்குக்கு வீட்டை போகேலாமல் போச்சுதெண்டு ஒரே அழுகை. பிறகு கடுதாசியிலை கூடு கட்டி, மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு இருந்துதுகள். நான்தான் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தனான்."

எனக்குக் கதை கேட்கத் தெரியும். கேள்வி கேட்க வராது. அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அது எந்தப் பிளேன்?"

"திருச்சிப் பிளேன். முதல் நாள் திருச்சிக்குப் போனது, அண்டைக்குப் பின்னேரம் திரும்பி வந்தது. கொழும்புக்குப் போகவேண்டியது. போகவிடேல்லை, இஞ்சையே படுத்துது."

"கொழும்பாலை வாற பிளேன்?"

யாகப்பு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"கொழும்பாலை என்னெண்டு தம்பி வாறது? இரத்மலானையிலை தண்ணி நிண்டது. அண்டைக்குக் காலமையே இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள்."